திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா?

வாசகர் கேள்விகள்: சபையும் உடல்நலமும். பதில் தருபவர், 31 ஆண்டுகள் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, 12 ஆண்டுகளாகத் தம் சபையில் நல ஊழியம் செய்துவரும் செவிலியர்.

கேள்வி: போன வருடம் பணி ஓய்வு பெற்ற நர்ஸ் நான். "நம்ம சபையில ஒரு சுகாதார ஊழியம் ஆரம்பிங்க சிஸ்டர்" என்று போதகர் கேட்கிறார். பிரஷர் கருவி, சுகர் கருவி வாங்கப் பணமும் ஒதுக்கிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கருவிகளை வாங்கி அலமாரியில் வையுங்கள் அம்மா. முதல் மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டுப்புத்தகம் போதும்.

ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய் வாசல் பக்கம் உட்காருங்கள். படியேறும்போது கைப்பிடியைத் தேடுகிறவர் யார்? வழக்கமாக முன்வரிசையில் இருந்துவிட்டு, இப்போது கழிப்பறைக்குப் பக்கத்து வரிசைக்கு மாறியவர் யார்? சாயங்காலக் கூட்டத்துக்கு வரும்போது மட்டும் செருப்பு இறுக்கிப் பிடிக்கிறது யாருக்கு? பாட்டு எண் சொன்ன பிறகும் புத்தகத்தை வேறு பக்கத்திலேயே திறந்து வைத்திருப்பவர் யார்? முப்பது வருடம் வார்டில் நடந்த கண்ணுக்கு இதெல்லாம் தானாகவே தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, யார் வரவில்லை என்று எழுதுங்கள். இரண்டு ஞாயிறு தொடர்ந்து இருக்கை காலியாக இருந்தால் அந்த வீட்டுக்குப் போங்கள்.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். ஒரு ஞாயிறு பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். எழுந்தால் தலை சுற்றுகிறது, வயசாயிற்று என்றார். "மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வாங்க ஐயா" என்று கேட்டு, மேசைமேல் அட்டை அட்டையாக வரிசைப்படுத்தினேன். கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைக் கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரே ரத்த அழுத்த மருந்து இரண்டு பெயரில் இருந்தது. இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஒருவருக்கு மற்றவர் கொடுத்தது தெரியாது. அவரோ இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். உட்காரவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற பிறகு ஒரு முறை பிரஷர் பார்த்தேன். மேல் எண் 30 இறங்கியது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும்.

அந்த இடத்தில் ஒரு அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. பட்டியலை ஒரு தாளில் எழுதி, அன்றைக்கே அவரையும் தாளையும் அவருடைய டாக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் அவர் வேலை. என் வேலை பார்ப்பது, எழுதுவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது. மூன்றாம் நாள் திரும்பிப் போய் மறுபடி நிற்கவைத்துப் பார்த்தேன். அடுத்த வாரமும் போனேன். இந்த ஊழியத்தின் உயிர் அந்த இரண்டாவது வருகையில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

நல்ல சமாரியன் கதையில் எண்ணெயையும் திராட்சரசத்தையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். காயப்பட்டவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, இரண்டு பணமும் கொடுத்து, இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போவதைக் கவனித்தீர்களா? தன்னால் முடிந்ததைச் செய்தான், மீதியைச் செய்யக்கூடியவரிடம் சேர்த்தான், திரும்பி வருவேன் என்றான். சபைச் செவிலியரின் வேலை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இது புதிதாக முளைத்த ஊழியமும் அல்ல. ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் தியோடோர் ஃபிளீட்னர் என்ற போதகரும் அவர் மனைவி ஃபிரடெரிகேயும் 1836-ல் பெண்களுக்கு நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி தொடங்கினார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851-ல் அங்கே போய்ப் பயின்றவர்தான். நம் காலத்து வடிவத்தை உண்டாக்கியவர் கிரேஞ்சர் வெஸ்ட்பர்க் என்ற லுத்தரன் போதகர். முதலில் அவர் ஆலயக் கட்டடங்களிலேயே டாக்டர்களை உட்கார வைத்துப் பார்த்தார். டாக்டரின் மொழியும் சபையின் மொழியும் தெரிந்து, நடுவில் பாலமாக நிற்பவர்கள் நர்ஸ்கள்தான் என்பது அதில் அவருக்குப் புரிந்தது. 1984-ல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் துணையோடு ஆறு சபைகளில் ஆறு நர்ஸ்களை வைத்துத் தொடங்கினார். 1998-ல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் இதைத் தனிப் பிரிவாகவே அங்கீகரித்தது.

போதகரிடம் முதலிலேயே பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. ஊசி போட மாட்டேன், மருந்து கொடுக்க மாட்டேன், இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். யார் என்னிடம் என்ன சொன்னாலும் அது என்னோடு நிற்கும், உங்களிடம்கூட அவர் சம்மதமில்லாமல் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை என்றால் மட்டும் அது பொருந்தாது. இதைப் பேச வருகிறவரிடமும் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நர்ஸ் பதிவு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் மருத்துவம் படித்தவர்களாக இருக்க வேண்டாம். வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர், ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துச் சொல்லும் ஒருவர், வாய் திறக்காமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஒருவர். மூன்றாமவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

கேள்வி: ஆராதனை முடிந்ததும் பிரஷர் பார்க்கிறோம். பாதிப் பேருக்கு அதிகமாக இருக்கிறது. அவர்களே டாக்டரிடம் போனால் சரியாக இருக்கிறது. கருவி பழுதா?

கருவியைக் குறை சொல்லும் முன் நீங்கள் பார்க்கும் இடத்தை யோசியுங்கள் தம்பி. வாசல் பக்கம், நெரிசல், நின்று பாடிவிட்டு நேராக வந்து உட்கார்கிறார்கள். ஒரு கையை நீட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார்கள். பேசினாலே மேல் எண் 10 வரை ஏறும். இரண்டு மணி நேரமாகச் சிறுநீரை அடக்கி வைத்திருந்தால் அதற்கு இன்னொரு 10. கையைத் தாங்கல் இல்லாமல் தொங்கவிட்டால் அதுவும் ஏற்றும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாகவே உயரும்.

ஓர் அமைதியான அறை கேளுங்கள். கழிப்பறை போய்வரச் சொல்லுங்கள். சாய்மானம் உள்ள நாற்காலி, கால்மேல் கால் போடாமல் பாதம் இரண்டும் தரையில், கை மேசைமேல் இதய மட்டத்தில். சட்டைக் கைக்கு மேலே பட்டையைச் சுற்றாதீர்கள். ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் உட்காரட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். முதல் தடவை வருகிறவருக்கு இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் அதிகமோ, அடுத்த முறையிலிருந்து அந்தக் கைதான். இப்படிப் பார்த்தால் ஒரு ஞாயிறில் பத்துப் பேரைத்தான் பார்க்க முடியும். பத்துப் பேர் போதும்.

வேறு வேறு நாட்களில் 140/90-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால், தேதியோடு எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்புங்கள். 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பொறுக்க முடியாத தலைவலி என்று ஏதாவது ஒன்று இருந்தால், மறுபடி அளந்துகொண்டிருக்காதீர்கள், அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். அறிகுறி ஒன்றும் இல்லையென்றால் அமைதியாக உட்காரவைத்து மறுபடி பாருங்கள், அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரோடு பேசவையுங்கள். முக்கியமானது, போன மாதம் சீட்டு வாங்கிப் போனவரிடம் இந்த மாதம் "போனீங்களா?" என்று கேட்பது. கேட்க ஆள் இல்லாத முகாமால் பிரயோசனம் குறைவு.

கேள்வி: நின்று பாடும்போது ஒரு பெண் மயங்கி விழுந்தாள். எல்லோரும் சூழ்ந்து தண்ணீர் புகட்டினார்கள். சரியா?

வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உட்காரவைக்கவும் வேண்டாம். படுத்தபடியே விட்டு, காலை உயர்த்தி, கூட்டத்தை விலக்குங்கள். சாதாரண மயக்கம் என்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும். மூச்சும் சரியில்லை, கூப்பிட்டாலும் பதில் இல்லை என்றால் அது வேறு. ஒருவர் அவசர ஊர்தியைக் கூப்பிட, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் ஓர் உள்ளங்கையின்மேல் மற்றதை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்தத் தொடங்க வேண்டும். சபையில் பாடகர் குழுவுக்கும் வாசலில் நிற்பவர்களுக்கும் இதை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொடுக்கலாம். அவர்கள்தான் எல்லா ஞாயிறும் தவறாமல் வருகிறவர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது, சுகர் உண்டு. மாத உபவாச ஜெபத்தில் சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை, மாத்திரை மட்டும் போட்டுக்கொள்கிறார். போன முறை வியர்த்துக் கொட்டி உளறினார். "ஆவியில் நிறைந்திருந்தேன்" என்கிறார். எப்படிச் சொல்வது?

அப்பாவின் பக்தியோடு மோதாதீர்கள் மகளே, மாத்திரையோடு பேசுங்கள். சில சுகர் மாத்திரைகள், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை, சாப்பாடு உள்ளே போனதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைச் சுரக்கவைக்கும். இன்சுலினும் காத்திருக்காது. சாப்பாடில்லாமல் அதைப் போட்டால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். வியர்வை, நடுக்கம், எரிச்சல், உளறல் எல்லாம் அதன் அடையாளங்கள். அப்பா இதயத்துக்கோ பிரஷருக்கோ பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவரானால் நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் தெரியும். ஆகவே உபவாசக் கூட்டத்தில் காரணமில்லாமல் நனைந்துபோகும் சட்டையைக் கவனியுங்கள்.

அப்படி நடந்தால் விரலில் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தாலும் சரி, கருவியே இல்லாவிட்டாலும் சரி, நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லை என்றால் வாயில் ஒன்றும் வைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து அவசர ஊர்தி. நான் சொன்ன வகை மாத்திரைகள் உடம்பில் பல மணி நேரம் வேலை செய்யும், தெளிந்த பிறகும் மறுபடி இறங்கலாம். அன்று ராத்திரி அவரைத் தனியே விடாதீர்கள்.

அடுத்த உபவாசத்துக்கு இரண்டு வாரம் முன்னால் டாக்டரிடம் கூட்டிப்போய், எந்த மாத்திரையை எப்படி மாற்றுவது, உபவாசம் இருக்கலாமா என்றே கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதைப் போதகர் வாயால் அப்பாவுக்குச் சொல்லவையுங்கள். எங்கள் போதகர் ஒவ்வொரு உபவாச அறிவிப்போடும் "மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபியுங்கள்" என்று சேர்த்துச் சொல்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவரோடு ஆறு மாதம் பேசினேன்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, வலிப்பு நோய். ஒரு விசேஷக் கூட்டத்தில் ஜெபித்த பிறகு "சுகமாகிவிட்டது, மாத்திரை எடுப்பது அவிசுவாசம்" என்று சொன்னார்கள். நிறுத்தி நான்கு நாள் ஆகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் பயப்படுவதும் அவிசுவாசமோ என்று குழம்புகிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே இந்த அம்மாவுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள், நாளை வரை காத்திருக்க வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஒரு வலிப்பு முடியும் முன் அடுத்தது என்று தொடர்ந்து வரலாம், உயிரே போகலாம். விட்ட மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை டாக்டர் சொல்லட்டும். சில மருந்துகளை இடைவெளிக்குப் பிறகு முழு அளவில் தொடங்கக் கூடாது. அதுவரை அவன் தனியாகக் குளிக்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர ஊர்தி.

உங்கள் பயம் அவிசுவாசம் இல்லை அம்மா. தாய்க்கு இருக்க வேண்டிய புத்தி அது. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது கர்த்தர் அவனுக்குப் 15 வருடம் கூட்டிக் கொடுப்பதாகச் சொன்னார். வாக்குக் கிடைத்த பிறகும் ஏசாயா என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு ஜெபத்தோடு நிற்காமல் என்ன குடிக்க வேண்டும் என்றும் எழுதினார். கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்.

மருந்தை நிறுத்தும் நாள் மகனுக்கு வரவே வராது என்று நான் சொல்லவில்லை. வலிப்பே இல்லாமல் இரண்டு வருடம் போல ஆனால், டாக்டர் பரிசோதித்துவிட்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்ப்பதுண்டு. சுகம் உண்மையானால் பரிசோதனையைத் தாங்கும். ஜெபித்தவர்கள் நல்ல மனதோடு ஜெபித்திருக்கலாம். ஆனால் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் மகன் கட்டிலின் பக்கத்தில் அவர்கள் இருக்கப்போவதில்லை. நம் மேடைகளில் இந்த வார்த்தையைச் சொல்ல அனுமதிக்கும் சபைத் தலைவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை நிறுத்துங்கள்.

கேள்வி: ஜெபக் குறிப்பில் நோயாளியின் பெயரையும் நோயையும் வாசிக்கலாமா?

அவரே சொல்லச் சொன்னால், அவர் சொன்ன வார்த்தையில் மட்டும். வீட்டார் சொன்னது போதாது. கர்ப்பப்பை எடுத்த பெண், மனநல மருந்து எடுக்கும் வாலிபன், இவர்கள் நோயை மைக்கில் கேட்ட பிறகு ஆலயத்துக்கு வராமலே போனதைப் பார்த்திருக்கிறேன். "நம் சகோதரி ஒருவருக்காக" என்று சொன்னால் ஆண்டவருக்கு விளங்கும்.

கேள்வி: கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம், படுக்கைதான். சபையார் வந்து ஜெபித்துவிட்டு "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று போய்விடுகிறார்கள். "ஒன்றும் வேண்டாம்" என்கிறேன். நான் ஆலயத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் இடுப்புக்குக் கீழே தோல் நிறம் மாறியிருக்கிறது. சில ராத்திரி அவர்மேல் கோபமாக வருகிறது. பாவமா இது?

முதலில் அந்தத் தோல். விரலால் அழுத்தி எடுங்கள். நிறம் வெளிறித் திரும்பாமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், அதன்மேல் படுக்கவைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றுங்கள். முழுவதும் ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், அது விளிம்பில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நகர்த்தும்போது இழுக்காமல், கீழே போட்ட விரிப்போடு இருவராகத் தூக்கி நகர்த்துங்கள். தோல் பிரிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

கோபம் பாவமில்லை அம்மா. மூன்று வருடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போலத் தூங்காத உடம்பு பேசுகிறது. உங்கள் பிரஷரை, உங்கள் முதுகைக் கடைசியாக யார் பார்த்தார்கள்? செத்துப்போகலாம் என்றோ, அவரை ஏதாவது செய்துவிடலாம் என்றோ நினைப்பு வந்தால் வெட்கப்படாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நர்ஸாக நான் அந்த வார்த்தைகளைப் பல வீடுகளில், நல்ல மனுஷிகள் வாயில் கேட்டிருக்கிறேன்.

இனி யாராவது "ஏதாவது வேணுமா" என்று கேட்டால் பதிலை நீங்கள் யோசிக்க வேண்டாம். கீழே உள்ளதைக் கத்தரித்து உங்கள் போதகர் கையில் கொடுங்கள்.

போதகர் அவர்களுக்கு: இந்த வீட்டுக்கு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரை, முறைவைத்து, ஆராதனை தொடங்க அரை மணி முன்னால், மூன்று மணி நேரம் இருக்கும்படி அனுப்புங்கள். அவர்களில் ஒருவராவது ஆணாக இருக்கட்டும், தூக்க வேண்டியிருக்கும். பக்கம் மாற்றுவது எப்படி என்று முதல் நாள் ஒரு நர்ஸ் காட்டித் தரட்டும். தண்ணீர் கொடுப்பதானால் நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்துச் சின்னச் சின்ன மடக்காகக் கொடுக்க வேண்டும், இருமினால் நிறுத்திவிட வேண்டும். அந்த மூன்று மணி நேரமும் அம்மாவுடையது. முதல் ஞாயிறு அவர் ஆலயத்துக்கு வராமல் அடுத்த அறையில் தூங்கிவிடலாம். அடுத்த ஞாயிறும் ஆள் அனுப்புங்கள்.